காவலாளி நிற்கும் கேற்றுக்குள் வாடகைக்குப் போகுமுன்



பிள்ளைகளின் படிப்புக்காகவோ கணவரின் தொழிலுக்காகவோ ஊரை விட்டுக் கொழும்புக்கு வரும் குடும்பங்கள் இன்று முதலில் தேடுவது தொடர்மாடி வீடொன்றையே. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளிலெல்லாம் இத்தகைய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. முன்னால் ஓர் இரும்பு கேற், அதில் இரவு பகலாக ஒரு காவலாளி, உள்ளே லிப்ட், வாகனம் நிறுத்த இடம். கணவர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு சகோதரிக்கு இது பெரிய ஆறுதல்தான். அதனை நாம் குறை கூறுவதற்கில்லை.

ஆயினும், கேற் தடுப்பது வெளியிலிருந்து வருகின்ற திருடனை மாத்திரமே. வாடகை வீட்டில் நம்மவர்கள் படும் கஷ்டங்கள் பல அந்தக் கேற்றைத் தாண்டி வந்தவையல்ல. அவை வாசித்துப் பாராமல் கையெழுத்திட்ட தாளோடு வந்தவை. வாய்ப்பேச்சோடு விட்டுவிட்ட பணத்தோடு வந்தவை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே அறியாமல் வாழ்ந்ததால் வந்தவை. எனவே, உள்ளே போகுமுன் எழுத வேண்டியதையும், போன பின் பேண வேண்டிய உறவையும் பற்றி இம்மாதம் கதைப்போம்.

வீட்டைப் பார்க்கும் போது

வீடு பார்க்கும் வேலையை ஆண்களிடம் விட்டுவிடுவது நமது வழக்கம். ஆனால் அந்த வீட்டில் நாள் முழுதும் இருக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே நீங்களும் போய்ப் பாருங்கள். பகலில் ஒரு முறையும், மஃரிபுக்குப் பின்னர் ஒரு முறையும் பாருங்கள். பகலில் அமைதியாக இருந்த ஒழுங்கை இரவில் எப்படி இருக்கிறது என்பது அப்போது தெரியும். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சுவரிலும் சீலிங்கிலும் ஈரம் ஊறுகிறதா என்பதைத் தரகர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்மானி இந்த வீட்டுக்கென்று தனியாக இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நமது நாட்டில் பாவனை கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடுகிறது. இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்த்து ஒரே மின்மானி இருந்தால், சிக்கனமாக வாழும் குடும்பமும் கூடிய விலைக்கே பணம் கட்ட வேண்டி வரும். தண்ணீர் பில்லுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். முன்னிருந்தவர்கள் கட்டாமல் விட்ட பாக்கி இருக்கிறதா என்று கடைசி பில்களை வாங்கிப் பாருங்கள்.

பல்கனியில் சிறுபிள்ளை ஏறி எட்டிப் பார்க்க முடியாதவாறு கம்பி இருக்கிறதா? இல்லையென்றால் யாருடைய செலவில் போடுவது? வீட்டில் வயோதிபர் இருந்தால் இன்னுமொன்றையும் பாருங்கள். லிப்டுக்குள் ஒரு நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டு போக இடம் இருக்கிறதா? சில கட்டடங்களின் லிப்டில் நான்கு பேர் நெருங்கி நிற்கத்தான் முடியும். அத்தகைய இடத்தில் ஏழாம் மாடியிலிருந்து ஒரு நோயாளியை நாற்காலியில் இருத்திப் படிகளால் இறக்க வேண்டி வரும். ஒரு ஜனாஸாவை இறக்குவதும் அவ்வாறே. குளிப்பாட்ட இடம் எங்கே, சந்தூக்கு எந்த வழியால் வரும் என்பதையெல்லாம் வீடு பார்க்கும் போது நினைக்க மனம் வராது. மௌத்து வராத வீடு எது? முன்கூட்டியே பார்த்து வைப்பதில் தவறில்லை.

2022 ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசல் கிடைக்கவில்லை. லிப்ட் நின்றது, தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றது. எரிவாயு சிலிண்டர் இல்லாமல், விறகு மூட்டவும் இடமில்லாமல் உயர் மாடிகளில் இருந்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. அப்படியொரு காலம் இனி வரக்கூடாது என்று துஆ செய்வோம். இருந்தாலும், மேல்மாடியில் காற்று நன்றாக வரும் என்று தரகர் சொல்லும் போது, லிப்ட் இல்லாத ஒரு நாளில் அந்தப் படிகளை உங்களால் ஏற முடியுமா என்பதையும் யோசித்துக் கொள்ளுங்கள்.

எல்லாம் எழுத்தில் வரட்டும்

"அவர் நல்ல மனுசன், நம்ம ஆள்தான், எழுத்து எதற்கு?" என்பார்கள். சகோதரிகளே, குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதையும், சாட்சி வைப்பதையும் பற்றிப் பேசுகிறது. சிறிய தொகையாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதன் போதனைகளுள் ஒன்று. எழுதுவது நம்பிக்கையீனத்தின் அடையாளமன்று. நல்ல மனிதர்கள் இருவரும் நாளைக்கும் நல்லவர்களாகவே பிரிவதற்கு அது உதவுகிறது.

நாட்டுச் சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பதாயின் அது பிரசித்த நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு வருடத்துக்கு என்று எழுதிக் கொள்வது போதாது. இதைப் பலர் பிரச்சினை வந்த பிறகுதான் அறிகிறார்கள். நொத்தாரிசு எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து கொள்வதும் நல்லது.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும். விளங்காத மொழியில் உள்ளதில் கையெழுத்திடாதீர்கள். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்திடுபவருக்கு விளங்க வைப்பது நொத்தாரிசின் கடமை. அவரிடம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. பின்வரும் விடயங்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று, கையெழுத்திடுபவர் உண்மையில் உரிமையாளரா? உறுதியின் பிரதியைக் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து அவருடைய சகோதரரோ மருமகனோ கையெழுத்திடுவதாயின், அதற்கான அற்றோர்னித் தத்துவத்தைப் பாருங்கள். அரசாங்கம் ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த வீடாக இருந்தால், அதை வாடகைக்கு விட அவருக்கு உரிமை உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

இரண்டு, எத்தனை மாதம்? இடையில் வாடகையைக் கூட்டலாமா? நீங்களோ அவரோ முன்கூட்டியே விலகுவதாயின் எத்தனை மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்? கால முடிவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். குத்தகைக் காலம் முடிந்தும் போகாதிருப்பவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்டுக் கொள்வதற்கென்றே 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வரப்பட்டிருக்கிறது. "பார்ப்போம், பிறகு கதைப்போம்" என்று இழுத்துச் செல்வது இனி குடியிருப்பவருக்கே ஆபத்து.

மூன்று, பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது? காவலாளியின் சம்பளம், லிப்ட், பொது விளக்கு, துப்புரவு எல்லாம் இதிலிருந்தே நடக்கின்றன. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைக் கூட்டுத்தாபனத்தில் அங்கத்தவர் வீட்டு உரிமையாளரேயன்றி வாடகைக்கு இருப்பவர் அல்லர். உரிமையாளர் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தால் முறைப்பாடு வருவதோ உங்கள் கதவுக்கு. எனவே வாடகைக்குள் அது அடங்குமா, இல்லையா என்பதை எழுதுங்கள். கடைசியாகக் கட்டிய ரசீதையும் பாருங்கள். கட்டடத்துக்கென்று விதிமுறைகள் அச்சிட்டிருப்பார்கள். கேற் பூட்டும் நேரம், விருந்தாளிகளின் வாகனம், பொருட்கள் ஏற்றி இறக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். தராவீஹ் முடிந்து பிந்தி வருபவர்களும், இப்தாருக்கு வரும் உறவினர்களும் உள்ள வீடு நமது வீடு. அவற்றை வாசித்த பின்னரே முடிவெடுங்கள்.

நான்கு, சாவி வாங்கும் நாளில் வீட்டில் உள்ளவற்றைப் பட்டியல் போடுங்கள். உடைந்த கண்ணாடி, கீறல் விழுந்த தரை, ஓடாத மின்விசிறி அனைத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கையடக்கத் தொலைபேசியில் படமும் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து "இதை நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சுக்கு அப்போது இடமிராது.

முற்பணம் யாருடைய பணம்?

கொழும்பில் ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று முற்பணம் கேட்பது வழக்கம். தரகருக்கு வேறாகக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வாடகையில் கழிபடும் பணம் வேறு. வீட்டைத் திரும்பக் கொடுக்கும் போது மீளப் பெறும் வைப்புப் பணம் வேறு. இரண்டையும் "அட்வான்ஸ்" என்றே சொல்வார்கள். உதாரணமாக, மாத வாடகை 80,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். ஆறு மாத முற்பணம் 480,000 ரூபா. மாதம் 40,000 ரூபா வீதம் கழிப்பதாகப் பேச்சு என்றால், ஒரு வருடம் வரை நீங்கள் மாதா மாதம் கையில் கொடுக்க வேண்டியது 40,000 ரூபா மாத்திரமே. வருட முடிவில் திரும்பப் பெற எதுவும் இராது. கழிப்பதில்லை என்றால் மாதா மாதம் 80,000 ரூபாவும் கொடுத்து, போகும் போது 480,000 ரூபாவையும் மீளப் பெற வேண்டும். எது பேச்சு என்று எழுதாமல் விட்டால் சண்டை இங்கேதான் தொடங்கும்.

அடுத்த விடயத்தை நான் சகோதரிகளுக்கென்றே எழுதுகிறேன். இந்தப் பெருந்தொகை பல வீடுகளில் எங்கிருந்து வருகிறது? உம்மா போட்டனுப்பிய வளையலும் மாலையும் விற்று வருகிறது. வீடு மாறும் போது அந்தப் பணம் திரும்பி வந்து, வேறு செலவில் கரைந்து, யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தால் அது வேறு. கடனாகக் கொடுத்திருந்தால் அது கணவர் மீதுள்ள கடனேதான். கணவன் மனைவிக்கிடையில் எதற்கு எழுத்து என்று கேட்க வேண்டாம். யாருடைய பணமோ அவருடைய பெயரும் ரசீதில் இருக்கட்டும். அல்லாஹ் காப்பாற்றட்டும், நாளை கணவர் மௌத்தாகி அனந்தரம் பிரிக்கும் போது, அந்தப் பணம் தன்னுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் அந்த இத்தா வீட்டில் நிற்கும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கணவர் வெளிநாட்டில் என்றால் நீங்களே உங்கள் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம். பெண் செய்யும் வாடகை ஒப்பந்தம் மார்க்கத்திலும் செல்லும், நாட்டுச் சட்டத்திலும் செல்லும்.

"வாடகையே வேண்டாம், பெருந்தொகை தாருங்கள்"

இன்னொரு வகையான கொடுக்கலும் உண்டு. "15 இலட்சம் தாருங்கள், இரண்டு வருடம் வாடகையின்றி இருங்கள், போகும் போது 15 இலட்சத்தையும் அப்படியே திருப்பித் தருவேன்" என்பார் உரிமையாளர். கேட்பதற்கு இருவருக்கும் இலாபம் போலவே தோன்றும். இது கூடுமா என்று பலரும் கேட்கிறார்கள்.

பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பாருங்கள். கொடுத்த தொகை குறையாமல் திரும்பி வருகிறது என்றால் அது கடன். அந்தக் கடனுக்காக இரண்டு வருடம் வீட்டில் இலவசமாக இருக்கிறீர்கள் என்றால் அது கடன் கொடுத்ததற்காகப் பெறும் பலன். கடன் கொடுப்பவர் பலன் பெற வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் அது வட்டியாகும் என்பது புகஹாக்கள் விளக்கிய விடயம். வாடகையை முற்றாக விடாமல், பெருந்தொகைக்காக மிகவும் குறைத்துக் கொள்வதிலும் இதே சிக்கல் இருக்கிறது.

மாறாக, ஒரு வருட வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கிறீர்கள், அதற்காக உரிமையாளர் வாடகையைக் குறைக்கிறார் என்றால் அது வேறு. அங்கே பணம் திரும்பி வருவதில்லை, அது வாடகைதான். வாடகை எவ்வளவு என்பது இருவரும் இணங்கிய விலை. கொடுத்த பணம் திரும்பி வருகிறதா, வாடகையாகக் கழிந்து போகிறதா என்ற ஒரு கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். உங்களுடைய கொடுக்கலில் இரண்டும் கலந்திருந்தால், கையெழுத்திடுமுன் உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

மார்க்கச் சட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தாலும் இதில் ஆபத்துண்டு. வாங்கிய 15 இலட்சத்தை உரிமையாளர் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, செலவு செய்துவிடுகிறார். இரண்டு வருடம் முடிந்ததும் "அடுத்த ஆள் வந்து தந்தால்தான் உங்களுக்குத் தருவேன்" என்பார். பிள்ளைக்குக் கல்யாணம் பேசி வைத்திருக்கும் குடும்பம் பணத்துக்காக அந்த வீட்டிலேயே கட்டுண்டு கிடக்கும்.

பாடசாலைக்காக ஒரு பொய்த் தாள்

இதையும் சொல்லாமல் விட முடியாது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் போது வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணங்கள் கேட்கப்படுகின்றன. வாக்காளர் இடாப்புப் பதிவு பார்க்கப்படுகிறது. இதற்காக, குடியிருக்காத ஒரு தொடர்மாடி வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பொய்ச் சாட்சி. உண்மையிலேயே அங்கே குடியிருக்கும் இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறிப்பதும் கூட. பிள்ளையின் கல்வியை ஒரு பொய்யில் ஆரம்பித்து வைப்பதில் என்ன பரக்கத் இருக்க முடியும்? உண்மையாகக் குடியேறுபவர்கள் தாமதிக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிந்து கொள்ளுங்கள்.

உள்ளே போன பின்

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கேற்றும் இல்லை, சீருடை அணிந்த காவலாளியும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக் கதவு இரண்டு நாள் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டு ராத்தா வந்து தட்டுவார். நோன்புக் கஞ்சி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும். புதிய கட்டடங்களிலோ, மூன்று வருடம் எதிரெதிர்க் கதவுகளில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கேற் மூடியிருப்பதால் அயலவர் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

அயலவர் உரிமை பற்றி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு வற்புறுத்தினார்கள் என்பதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அந்த அயலவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. குடியேறிய முதல் வாரத்திலேயே உங்கள் மாடியில் உள்ள வீடுகளுக்குப் போய் உங்களை அறிமுகப்படுத்திக் கொள்ளுங்கள். கையில் ஒரு தட்டு வட்டிலப்பம் இருந்தால் மொழி தெரியாவிட்டாலும் கதை தொடங்கும். ஒரு வீட்டின் தொலைபேசி இலக்கத்தையாவது வாங்கி வையுங்கள். பாத்திமாவோ, குமுதினியோ, சரஸ்வதியோ, நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் ஓடி வரப் போகிறவர் அவர்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வந்தால் கேற்றை உடனே திறந்து, எந்த மாடி என்று காட்டுமாறு காவலாளியிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

2019 ஏப்ரலில் நடந்த தாக்குதல்களுக்குப் பின்னர், நமது பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று சொன்ன உரிமையாளர்களை நம்மில் பலர் சந்தித்தோம். அது மனதை நோகடித்தது உண்மை. செய்யாத குற்றத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தில் நாம் வாழும் விதம், அடுத்து அங்கே வீடு கேட்டு வரும் முஸ்லிம் குடும்பத்துக்குக் கதவைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். ஸஹர் நேரத்தில் தேங்காய் உடைக்கும் சத்தமும், பிள்ளைகள் ஓடும் சத்தமும் கீழ் வீட்டுக்காரரின் தலைக்கு மேலேயே கேட்கும். ஒரு பாய் விரித்தால் பாதி குறையும். படிக்கட்டில் செருப்புக் குவியல், அடுத்தவரின் இடத்தில் விருந்தாளியின் வாகனம், பல்கனியிலிருந்து கொட்டும் தண்ணீர் எல்லாம் சிறிய விடயங்கள்தாம். கோபங்கள் இவற்றிலிருந்தே வளர்கின்றன.

காவலாளியையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வயதான ஒருவர், பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார். அவரைப் பெயர் சொல்லி, மரியாதையாகக் கதையுங்கள். பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குங்கள். அதேவேளை, வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்து வைப்பதும், நீங்கள் எத்தனை நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வதும் வேண்டாம். மரியாதை வேறு, கவனம் வேறு.

கடைசியாக ஒரு வார்த்தை. வாடகை வீடு நமது கையில் உள்ள ஓர் அமானத். அதன் சுவரும் குழாயும் நமது சொந்த வீட்டினது போலவே பேணப்பட வேண்டும். குறித்த திகதியில் வாடகை கொடுக்கப்பட வேண்டும். பிந்துமானால் திகதி வருமுன் சொல்லிவிட வேண்டும். சாவியைத் திரும்பக் கொடுக்கும் நாளில் உரிமையாளர் உங்களுக்காகத் துஆ செய்தும், பக்கத்து வீட்டார் "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டும் அனுப்பி வைத்தால், அந்த வீட்டில் நீங்கள் வாழ்ந்த வாழ்வுக்கு அதுவே நல்ல சான்று.

வீடு தேடி அலையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்லாஹுத்தஆலா நிம்மதியான வீட்டையும் நல்ல அயலவரையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.